நான்கு ரிமோட்டுகளுக்குப் பதில் ஒன்று! யுனிவர்சல் ரிமோட்டை நீங்களே புரோகிராம் செய்யலாம்

உங்கள் வீட்டு டீப்பாயின் மேல் இப்போது எத்தனை ரிமோட்டுகள் கிடக்கின்றன? எண்ணிப் பாருங்கள். டி.வி.க்கு ஒன்று, டி.டி.எச். பாக்ஸுக்கு ஒன்று, ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு ஒன்று, ப்ளூ-ரே பிளேயருக்கு ஒன்று. மதுரையில் என் பெற்றோர் வீட்டிலும் இதே நான்குதான். எல்லாவற்றையும் வாங்கி மாட்டிக் கொடுத்தவன் நான். மாட்டிக் கொடுத்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்கு வந்துவிட்டேன்.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்த சமயம். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகளாவது போன் வரும். "படம் வருதுப்பா, சத்தம் வரல. எந்த ரிமோட்டை அமுக்கணும்?" நானும் போனிலேயே வழி சொல்வேன். பிறகு போன் வருவது நின்றுவிட்டது. கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். அம்மாதான் உண்மையைச் சொன்னார். "அவரு டி.வி. போடுறதையே விட்டுட்டாருப்பா. நீ வர்றப்ப பாத்துக்கலாம்னு சொல்றாரு."

அன்று முடிவு செய்தேன், இந்த நான்கையும் ஒன்றாக்கிவிடுவது என்று. முதல் முயற்சியில் தோற்றேன். இரண்டாவது முயற்சி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் தயாரிக்கத் தெரிந்தால் போதும், நீங்களும் செய்துவிடலாம்.

ரிமோட் எப்படிப் பேசுகிறது?

ரிமோட்டின் முனையில் ஒரு சிறிய எல்.இ.டி. இருக்கிறது. பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளத்தில் அகச்சிவப்பு ஒளியை உமிழும். நம் கண்ணுக்கு அது தெரியாது. பட்டனை அழுத்தியதும் இந்த விளக்கு வினாடிக்குச் சுமார் 38,000 முறை என்ற வேகத்தில் துடிக்கும். இந்தத் துடிப்பை விட்டுவிட்டு அனுப்பி, 0, 1 என்ற எண்களாக ஒரு செய்தியை டி.வி.க்குச் சொல்கிறது ரிமோட்.

பல கம்பெனிகள் பயன்படுத்தும் என்.இ.சி. முறையில் ஒரு செய்திக்கு 32 பிட்டுகள். எந்தக் கருவி, என்ன கட்டளை என்ற விவரங்கள் அதில் இருக்கும். ஒரு செய்தி போய்ச் சேர சுமார் 68 மில்லி செகண்டு ஆகும். சோனியின் முறையில் துடிப்பு 40 கிலோ ஹெர்ட்ஸ். பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்.சி.5 முறையில் 36 கிலோ ஹெர்ட்ஸ். இவை எல்லாவற்றையும் அனுப்பத் தெரிந்த ரிமோட்தான் யுனிவர்சல் ரிமோட்.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இத்தகைய ரிமோட்டுக்கு வாய் உண்டு, காது கிடையாது. "ஆன் ஆகு" என்று சொல்லும். டி.வி. ஆன் ஆனதா, இல்லையா என்று அதற்குத் தெரியாது. பின்னால் வரப்போகும் பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம் இதுதான்.

எந்த ரிமோட்டை வாங்குவது?

புரோகிராம் செய்யும் ரிமோட் புதிய விஷயம் அல்ல. ஆப்பிள் கம்ப்யூட்டரை உருவாக்கிய ஸ்டீவ் வோஸ்னியாக் 1987-லேயே 'கோர்' என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டார். இப்படிப்பட்ட ரிமோட்டுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. கோடு எண் வகை: கருவிகளின் கட்டளைகள் ஏற்கெனவே உள்ளே பதிந்திருக்கும். உங்கள் கருவிக்கு உரிய எண்ணைக் கொடுத்தால் போதும்.

2. லேர்னிங் வகை: பழைய ரிமோட்டை எதிரில் காட்டிப் பட்டனை அழுத்தினால், அந்தக் கட்டளையை அப்படியே கற்றுக்கொள்ளும்.

3. கம்ப்யூட்டர் அல்லது மொபைல் போன் மூலம் அமைக்கும் வகை: லாஜிடெக் ஹார்மனி இதில் புகழ்பெற்றது. ஆனால் ஹார்மனி ரிமோட்டுகளின் தயாரிப்பை நிறுத்துவதாக லாஜிடெக் 2021-ல் அறிவித்துவிட்டது. அவற்றை அமைக்க அந்தக் கம்பெனியின் சர்வர் தேவை. எனவே பழைய ஹார்மனி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் ஒருமுறை யோசித்து வாங்குங்கள்.

நான் வாங்கியது 'ஒன் ஃபார் ஆல்' பிராண்டின் பழைய மாடல் ஒன்று. கோடு எண், லேர்னிங், மேக்ரோ ஆகிய மூன்று வசதிகளும் அதில் உண்டு. அதன் முறையையே இங்கே விளக்குகிறேன். வேறு பிராண்டு என்றால் அழுத்த வேண்டிய பட்டன்கள் மாறும், அடிப்படை மாறாது.

கவனிக்க: டி.வி.யில் சொருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குகள் பலவற்றின் ரிமோட் ப்ளூடூத்தில் வேலை செய்கிறது. அகச்சிவப்பு ரிமோட்டால் இவற்றை இயக்க முடியாது. வாங்கும் முன்பே இதைச் சோதித்துவிடுங்கள். பழைய ரிமோட்டின் முனையைக் கையால் முழுதாக மூடிக்கொண்டு பட்டனை அழுத்திப் பாருங்கள். அப்படியும் வேலை செய்தால் அது பெரும்பாலும் ப்ளூடூத் வகைதான்.

இன்னொன்று. எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் சி.இ.சி. என்ற வசதி பல டி.வி.க்களில் உண்டு. செட்டிங்ஸ் பகுதியில் அதை ஆன் செய்து பாருங்கள். டி.வி. ரிமோட் ஒன்றிலேயே எல்லாம் ஒழுங்காக நடந்தால் உங்களுக்கு யுனிவர்சல் ரிமோட்டே வேண்டாம், பணம் மிச்சம். எங்கள் வீட்டில் டி.டி.எச். பாக்ஸ் இதற்கு ஒத்துழைக்கவில்லை.

முதலில் வயரிங், பிறகுதான் ரிமோட்

பலரும் செய்யும் தவறு, கேபிள்களைக் கண்ட இடத்தில் சொருகிவிட்டு ரிமோட்டில் சரிக்கட்டப் பார்ப்பது. டி.டி.எச். பாக்ஸ், ப்ளூ-ரே இரண்டின் எச்டிஎம்ஐ கேபிள்களையும் ரிசீவரில் சொருகுங்கள். ரிசீவரிலிருந்து ஒரே ஒரு கேபிள் டி.வி.யின் எச்டிஎம்ஐ 1-க்குப் போகட்டும். இப்போது டி.வி. எப்போதும் எச்டிஎம்ஐ 1-லேயே இருந்தால் போதும். டி.டி.எச். வேண்டுமா, ப்ளூ-ரே வேண்டுமா என்பதை ரிசீவர் மட்டும் பார்த்துக்கொள்ளும். பாதி வேலை இங்கேயே குறைந்துவிட்டது.

கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல்

எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் சாப்ட்வேரைத் திறந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரிசை. அதில் இந்தக் கட்டங்களை நிரப்புங்கள்.

- கருவியின் பிராண்டு, மாடல் எண்
- ரிமோட்டில் கொடுத்த கோடு எண்
- ஆன் செய்தபின் முழுதாக விழிக்க எத்தனை வினாடி ஆகிறது
- பவர் பட்டன் ஒன்றேவா, ஆன், ஆஃப் இரண்டும் தனித்தனியா
- இன்புட்டை நேரடியாகத் தேர்ந்தெடுக்க முடியுமா, ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டுமா
- கரன்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகிறதா, ஸ்டான்ட்பையில் நிற்கிறதா

கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் அது மிக முக்கியம். சோதிக்க, கருவி ஆன் நிலையில் இருக்கும்போது சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். ஸ்டான்ட்பை நிலையிலும் இதையே செய்யுங்கள். முதல் முறை நான் இந்தச் சோதனையைச் செய்யவில்லை. அதற்கான பலனைப் பிறகு அனுபவித்தேன்.

கோடு எண் கொடுப்பது

1. ரிமோட்டில் எந்தக் கருவிக்கு எண் தருகிறோமோ அந்த டிவைஸ் பட்டனை அழுத்துங்கள். உதாரணமாக, டி.வி.

2. மேஜிக் பட்டனை, சிவப்பு விளக்கு இரண்டு முறை மின்னும் வரை அழுத்திப் பிடியுங்கள். சில மாடல்களில் இதற்கு செட்அப் என்று பெயர்.

3. கையேட்டில் உங்கள் பிராண்டுக்கு எதிரே உள்ள நான்கு இலக்க எண்ணை அழுத்துங்கள். விளக்கு இரண்டு முறை மின்னினால் எண் ஏற்கப்பட்டது.

4. டி.வி.யை நோக்கிப் பவர், மெனு, அம்புக்குறிப் பட்டன்களை அழுத்திச் சோதியுங்கள்.

ஒரு பிராண்டுக்குப் பல எண்கள் இருக்கும். பவர் பட்டன் மட்டும் வேலை செய்ததும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். மெனுவும் அம்புக்குறிகளும் வேலை செய்யும் எண்தான் சரியான எண்.

உங்கள் பிராண்டு பட்டியலில் இல்லையா? மேஜிக் பட்டனைப் பிடித்தபின் 9 9 1 அழுத்துங்கள். பிறகு கருவியை நோக்கிப் பவர் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருங்கள். ரிமோட் ஒவ்வொரு எண்ணாக முயன்று பார்க்கும். கருவி அணைந்ததும் நிறுத்தி, மேஜிக் பட்டனை அழுத்தினால் அந்த எண் பதிந்துவிடும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

கற்றுக்கொடுப்பது

எங்கள் டி.டி.எச். பாக்ஸுக்கு எந்த எண்ணும் முழுதாகப் பொருந்தவில்லை. எனவே ஒவ்வொரு பட்டனாகக் கற்றுக்கொடுத்தேன்.

1. இரண்டு ரிமோட்டுகளையும் மேஜை மேல் நேருக்கு நேர், இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள்.

2. மேஜிக் பட்டனைப் பிடித்து, 9 7 5 அழுத்துங்கள்.

3. டிவைஸ் பட்டனை அழுத்துங்கள். பிறகு எந்தப் பட்டனில் பதிய வேண்டுமோ அதை அழுத்துங்கள். விளக்கு வேகமாக மின்னும்.

4. பழைய ரிமோட்டில் உரிய பட்டனை அழுத்திப் பிடியுங்கள். விளக்கு இரண்டு முறை மின்னினால் வெற்றி. நீளமாக ஒருமுறை எரிந்தால் தோல்வி, மீண்டும் முயலுங்கள்.

5. அடுத்தடுத்த பட்டன்களையும் இதேபோல் முடித்து, கடைசியில் மேஜிக் பட்டனைப் பிடித்து வெளியே வாருங்கள்.

வெயில் படும் ஜன்னலோரத்திலோ சி.எஃப்.எல். விளக்கின் அடியிலோ இதைச் செய்யாதீர்கள். அந்த ஒளியும் உள்ளே கலந்து, கற்றது தப்பாகிவிடலாம். ஏற்கெனவே கோடு எண்ணில் சரியாக வேலை செய்யும் பட்டனை மறுபடி கற்றுக்கொடுக்கவும் வேண்டாம், நினைவகம் வீணாகும்.

இதோடு, எந்த டிவைஸில் இருந்தாலும் வால்யூம் பட்டன் ரிசீவரையே இயக்கும்படி வைத்துவிடுங்கள். இதற்குப் பஞ்ச் த்ரூ அல்லது வால்யூம் லாக் என்று பெயர். செய்முறை கையேட்டில் இருக்கும். "படம் வருது, சத்தம் வரல" என்ற போன்களில் பாதி இதிலேயே குறையும்.

மேக்ரோவும் என் முதல் தோல்வியும்

பல பட்டன்களின் வேலையை ஒரே பட்டன் வரிசையாகச் செய்வதுதான் மேக்ரோ. மேஜிக் பட்டனைப் பிடித்து 9 9 5 அழுத்துங்கள். பிறகு மேக்ரோவை எந்தப் பட்டனில் வைக்க வேண்டுமோ அதை அழுத்துங்கள். அடுத்து, டிவைஸ் பட்டன்கள் உட்பட எல்லாவற்றையும் வரிசையாக அழுத்துங்கள். கடைசியில் மேஜிக் பட்டனைப் பிடித்தால் சேமிப்பாகிவிடும்.

நான் முதலில் எழுதிய மேக்ரோ இதுதான்: டி.வி. பவர், ரிசீவர் பவர், ரிசீவரில் டி.டி.எச். இன்புட். சிவப்புப் பட்டனில் வைத்தேன். அழுத்தினால் எல்லாம் தானாக எழுந்தன. அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி. நானும் பெருமையோடு பஸ் ஏறினேன்.

இரண்டாம் நாள் மதுரையில் கரன்ட் போய் வந்தது. டி.வி. தானாக ஆன் ஆகிவிட்டது, ரிசீவர் ஸ்டான்ட்பையில் நின்றது. அப்பா சிவப்புப் பட்டனை அழுத்தினார். ரிசீவர் எழுந்தது, டி.வி. அணைந்தது. மறுபடி அழுத்தினார். டி.வி. எழுந்தது, ரிசீவர் அணைந்தது. சீசா பலகை மாதிரி ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியது. "பழைய ரிமோட்டே போதும்ப்பா" என்று போனில் சொன்னார். அந்தக் குரலில் கோபம் இல்லை. தன்னால்தான் முடியவில்லை என்று நினைத்துவிட்டார். தப்பு என்னுடையது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

டாகிள், டிஸ்கிரீட்

எங்கே தப்பு? ஒரே பட்டன் ஆன், ஆஃப் இரண்டையும் மாறி மாறிச் செய்தால் அது டாகிள். ஆனுக்கு ஒரு கட்டளை, ஆஃபுக்கு வேறொரு கட்டளை என்றிருந்தால் அது டிஸ்கிரீட். ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கும் கருவிக்கு டிஸ்கிரீட் ஆன் அனுப்பினால் அது பேசாமல் இருக்கும். டாகிள் அனுப்பினால் அணைந்துவிடும். ஒரே மேக்ரோவில் இரண்டு டாகிள்கள் இருந்து, கருவிகள் ஒருமுறை நிலை மாறிவிட்டால், அந்தப் பட்டனை நூறு முறை அழுத்தினாலும் அவை ஒன்று சேராது.

எனவே விதி இதுதான்: ஒரு மேக்ரோவில் டாகிள் பட்டன் ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது. முடிந்தால் ஒன்றுகூட வேண்டாம். எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே முடிவு வர வேண்டும்.

டிஸ்கிரீட் கட்டளைகள் பல கருவிகளின் சொந்த ரிமோட்டில் இருக்காது. கருவிக்குள் ஒளிந்திருக்கும். ரிசீவர் தயாரிப்பாளர்கள் சிலர் இந்தக் கோடு பட்டியலை இணையதளத்தில் கொடுக்கிறார்கள். எங்கள் ரிசீவருக்கு ஆன், ஆஃப் இரண்டும் அப்படிக் கிடைத்தன. டி.வி.க்குக் கிடைக்கவில்லை. ஆனால் பட்டியல் தயாரித்தபோது ஒன்றைக் கவனித்திருந்தேன். ஸ்டான்ட்பையில் இருக்கும்போது எண் 1-ஐ அழுத்தினாலும் எங்கள் டி.வி. விழித்துக்கொள்ளும். ஆன் நிலையில் 1-ஐ அழுத்தினால் சேனல் 1-க்குப் போகும், அணையாது. டிஸ்கிரீட் ஆன் கிடைத்தது மாதிரிதானே? உங்கள் டி.வி.யிலும் எண், சேனல், இன்புட் பட்டன்களை அழுத்திப் பாருங்கள்.

இன்புட்டுக்கும் இதே தந்திரம்தான். டி.வி.யில் இன்புட் பட்டன் ஒவ்வொன்றாகத் தாண்டும் வகை. இப்போது எங்கே நிற்கிறது என்று ரிமோட்டுக்குத் தெரியாது. எனவே முதலில் 1-ஐ அழுத்தித் தெரிந்த இடத்துக்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து இன்புட்டை இரண்டு முறை அழுத்தினால் எங்கள் டி.வி.யில் எப்போதும் எச்டிஎம்ஐ 1 வரும். உங்கள் டி.வி.யில் எத்தனை முறை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்த சிக்கல், நேரம். டி.வி. விழிப்பதற்குள் அனுப்பும் கட்டளைகள் வீணாகிவிடும். என் ரிமோட்டில் மேக்ரோ நடுவே காத்திருக்கும் வசதி இல்லை. எனவே வேலையை இரண்டாகப் பிரித்தேன்.

- சிவப்பு (எழுப்ப): டி.வி. 1, ரிசீவர் ஆன்.
- பச்சை (டி.டி.எச். பார்க்க): டி.வி. 1, இன்புட், இன்புட், ரிசீவரில் டி.டி.எச். இன்புட், கடைசியாக டி.டி.எச். டிவைஸ் பட்டன்.
- மஞ்சள் (ப்ளூ-ரே பார்க்க): பச்சையைப் போலவே. கடைசி இரண்டு மட்டும் ப்ளூ-ரேக்கு உரியவை.
- நீலம் (அணைக்க): ரிசீவர் ஆஃப், டி.வி. பவர்.

டி.டி.எச். பாக்ஸை அணைப்பதே இல்லை. கரன்ட் வந்ததும் எங்கள் பாக்ஸ் தானாக ஆன் ஆகிவிடுகிறது. எனவே மேக்ரோவில் அதன் பவர் பட்டனைத் தொடவே இல்லை. நீலத்தில் மட்டும் ஒரே ஒரு டாகிள் இருக்கிறது. நிலை மாறிவிட்டால் இன்னொருமுறை அழுத்தினால் சரியாகிவிடும், ரிசீவர் எப்படியும் ஆஃப்தான். சிவப்பும் பச்சையும் எத்தனை முறை அழுத்தினாலும் கெடாது.

கவனிக்க: பல மாடல்களில் மேக்ரோ வைத்த பட்டன் தன் பழைய வேலையை இழந்துவிடும். அதிகம் பயன்படாத பட்டனையே தேர்ந்தெடுங்கள். மேக்ரோவில் டாகிள் இருந்தால் சி.இ.சி. வசதியை ஆஃப் செய்துவிடுங்கள். டி.வி. எழும்போது அது ரிசீவரையும் எழுப்பிவிட, பின்னால் வரும் உங்கள் பவர் கட்டளை அதை அணைத்துவிடும்.

கம்ப்யூட்டரில் பேக்கப்

ஒன் ஃபார் ஆல் போன்ற சில ரிமோட்டுகளில் பேட்டரி மூடியைத் திறந்தால் ஆறு பின் கொண்ட ஓர் இணைப்பு தெரியும். ஜேபி1 என்று அழைக்கப்படுவது இதுதான். இதற்கான யூ.எஸ்.பி. கேபிளும், ஆர்எம்ஐஆர் என்ற இலவச சாப்ட்வேரும் இருந்தால் ரிமோட்டைக் கம்ப்யூட்டரிலேயே புரோகிராம் செய்யலாம். சாப்ட்வேர் இயங்க ஜாவா தேவை. கேபிளிலும் வகைகள் உண்டு. உங்கள் மாடலுக்கு எது என்று பார்த்து வாங்குங்கள்.

கேபிளை இணைத்து, சாப்ட்வேரில் ரிமோட் மெனுவில் டவுன்லோடு ஃபிரம் ரிமோட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரிமோட்டில் உள்ளவை அனைத்தும் திரைக்கு வரும். எதையும் மாற்றும் முன் ஃபைல் மெனு மூலம் அதை ஒரு பெயரில் சேமித்துவிடுங்கள். மாற்றங்களை முடித்தபின் அப்லோடு டு ரிமோட் கொடுங்கள். ரிமோட் கீழே விழுந்து உடைந்தாலும் கவலை இல்லை. அதே மாடல் இன்னொன்று வாங்கி, சேமித்த ஃபைலை ஏற்றினால் போதும். ரிசீவரின் டிஸ்கிரீட் கட்டளைகளையும் நான் இந்த வழியில்தான் சேர்த்தேன்.

பிரச்சினையா? இதைப் பாருங்கள்

*ரிமோட் வேலை செய்கிறதா என்றே சந்தேகமா?* மொபைல் போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்குக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதா ஒளி தெரிந்தால் ரிமோட் நன்றாக இருக்கிறது. பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் பாருங்கள்.

*கற்றுக்கொடுத்த எண்ணை இரண்டு முறை அழுத்தினால் ஒன்றுதான் விழுகிறதா?* ஆர்.சி.5 முறையில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு பிட் மாறும். கற்றுக்கொண்ட கட்டளையில் அது மாறாததால், ஒரே அழுத்தல் என்று கருவி நினைத்துக்கொள்ளும். அங்கே லேர்னிங்கை விட்டுவிட்டுக் கோடு எண்ணையே பயன்படுத்துங்கள்.

*மேக்ரோவில் சில கருவிகள் மட்டும் எழவில்லையா?* கட்டளைகள் முடியும் வரை ரிமோட்டை அசைக்காமல் கருவிகளை நோக்கிப் பிடியுங்கள். பெரியவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. முடித்துவிட்டோம் என்று நினைத்ததும் சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டு மறுபடி சோதியுங்கள். பிறகு ரிமோட்டை அந்த வீட்டில் அதைப் பயன்படுத்தப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் எதுவும் பேசாமல் பத்து நிமிடம் உட்காருங்கள்.

எங்கள் வீட்டில் அம்மா ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி டி.வி. பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்: "சிவப்பு. பத்து எண்ணவும். பச்சை. வரலைன்னா மறுபடி பச்சை." பழைய ரிமோட்டுகள் நான்கும் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. அப்பா இப்போதும் இரவில் போன் செய்கிறார். "இன்னிக்கு மேட்ச் பாத்தியா?" என்று கேட்பதற்காக.